பைக்கில் டூ மீட்டர் ஆன்டெனா: கால் அலையா, அரை அலையா?

ஹாம் ரேடியோவின் டூ மீட்டர் அலைவரிசைக்கு (அலைநீளம் சுமார் இரண்டு மீட்டர்) கார் கூரை என்றால் கால் அலையே, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பியே போதும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர் கம்பி, கீழே இருக்கும் தகரமே தரைத்தளம், அதாவது ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும் உலோகப் பரப்பு. பைக்கின் பின் கேரியரில் அந்தத் தகரம் கிடையாது. அங்கே கால் அலையை மாட்டினால் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, குறைவாக இருந்தால் நல்லது) இறங்காமல் அடம்பிடிக்கும், கேபிளைக் கையால் தொட்டாலே மீட்டர் முள் ஆடும், ஏனென்றால் கேபிளின் மேலுறையே ஆன்டெனாவின் மறுபாதி ஆகிவிடுகிறது.

அரை அலைக்குத் தரைத்தளம் பெரிதாகத் தேவையில்லை, அடியில் உள்ள மேட்சிங் காயில் (பொருத்தம் செய்யும் கம்பிச்சுருள்) அதன் அதிக மின்மறுப்பைக் கேபிளுக்கு ஏற்ற 50 ஓமுக்கு இறக்கித் தந்துவிடும். ஒரு மீட்டர் உயரம், காற்றில் வளையும், அதற்கு ஸ்பிரிங் அடிப்பாகம் போடுங்கள். பைக்குக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ட்யூனிங் இரண்டுக்கும் ஒன்றுதான்: எஸ்டபிள்யூஆர் 144 மெகாஹெர்ட்ஸில் குறைவாகவும் 146-ல் அதிகமாகவும் காட்டினால் கம்பி நீளம் அதிகம். இரண்டிரண்டு மில்லிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு முறையும் சற்று விலகி நின்று அளந்து பாருங்கள்.