பைபாஸுக்குப் பின் துடிப்பு தடுமாறினால்: வேகத்தை அடக்குவதா, தாளத்தை மீட்பதா?

கொழும்பில் பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில், திரையில் துடிப்பு 140ஐத் தொட்டுத் தாறுமாறாக ஏறி இறங்கும். வெள்ளவத்தையிலிருந்து சாப்பாட்டோடு வந்த பிள்ளைகள் வெலவெலத்துப்போவார்கள். இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் நடுங்குகின்றன. ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது.

முதல் வழி, மெட்டோபுரோலோல் போன்ற மருந்தால் வேகத்தை மட்டும் குறைப்பது. ஒழுங்கின்மை தொடரலாம், ஆனால் இதயம் இரத்தத்தால் நிரம்ப நேரம் கிடைக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மற்றது, அமியோடரோனாலோ மின்னதிர்ச்சியாலோ தாளத்தையே மீட்பது. அமியோடரோன் வலிமையான மருந்து, தொல்லையும் அதிகம். நீண்டகாலம் எடுத்தால் தைரொயிட்டு, நுரையீரல், ஈரல் மூன்றையும் கண்காணிக்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வீரியத்தையும் அது கூட்டிவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

இதய சத்திரசிகிச்சைக்குப் பின் இக்கோளாறு வந்த 523 பேரிடம் நடத்தி, 2016இல் வெளியிட்ட ஆய்வில், வைத்தியசாலையில் தங்கிய நாட்களில் இரு வழிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே நிலைமை சீராக உள்ளவருக்கு முதல் வழியே நல்லது என்பேன். இரத்த அழுத்தம் சரிந்தாலோ மூச்சுத் திணறினாலோ தாளத்தை உடனே மீட்டாக வேண்டும்.

எந்த வழியானாலும், தடுமாற்றம் 48 மணித்தியாலங்களைத் தாண்டினால் இரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வீடு திரும்பும்போது, அமியோடரோனை எப்போது நிறுத்துவது என்பதையும் எழுதி வாங்குங்கள்.