பேப்பர் பூ செய்து கொடுத்தால் மாதம் 15,000 என்று சொல்பவர்களிடம் முன்பணம் கட்டாதீர்கள்

நேற்று சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்ததால் கால் மணி நேரம் நின்றேன். எதிர்ச் சுவரில் அந்தப் போஸ்டர் மறுபடியும் ஒட்டியிருந்தது. "வீட்டிலிருந்தே பேப்பர் பூ செய்யுங்கள், மாதம் 15,000 வரை சம்பாதியுங்கள், பெண்களுக்கு மட்டும்." போன் நம்பர் புதிது, நிறுவனத்தின் பெயரும் புதிது. படம் மட்டும் பழையது. ஓரத்தில் லேசாக மடங்கிய ஓர் இதழோடு இருக்கும் அதே இளஞ்சிவப்பு ரோஜா. அந்தப் பூவை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் நானும், என்னை நம்பி வந்த ஆறு பேரும் பணம் கட்டினோம். அதனால்தான் இதை இன்றே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, தையலும் குறைந்துவிடும். போன ஆடியில்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கீழ் வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் தன் நாத்தனாரிடம் சொன்னார். இப்படியே ஏழு பேர் சேர்ந்துவிட்டோம். ஆரம்பித்து வைத்தது நான்தான் என்பது இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது.

அலுவலகம் மின்ட் பக்கம் ஒரு முதல் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு வட்ட மேசை. வெள்ளைத் துணி விரித்து, நடுவில் கண்ணாடிக் கிண்ணம், அதில் ஏழெட்டுப் பேப்பர் ரோஜா, சுற்றி மெழுகுவர்த்தி. ராயபுரம், பெரம்பூர் பக்கம் கல்யாண ரிசப்ஷன்களில் இப்படித்தான் மேசை வைக்கிறார்கள், நிஜப் பூ மண்டப வெக்கையில் சாயங்காலத்துக்குள் தொங்கிப்போகும், பேப்பர் பூவுக்கு அந்தக் கவலை இல்லை, ஆர்டரைச் சமாளிக்கவே ஆள் போதவில்லை என்றார் அங்கிருந்தவர். இதில் எதுவும் பொய்யில்லை. பேப்பர் பூவுக்கு உண்மையிலேயே கிராக்கி இருக்கிறது. பொய்யை அவர் வேறு இடத்தில் வைத்திருந்தார்.

ஆளுக்கு 4,500 ரூபாய் முன்பணம். ஒரு கிட்டில் 200 பூவுக்கான சாமான் இருக்கும், பூவுக்கு 12 ரூபாய் கூலி. ஆறு கிட் முடித்ததும் முன்பணத்தைத் திருப்பித் தருவார்களாம். "மேடம், உங்க பணம் உங்க பணம்தான், எங்ககிட்ட பத்திரமா இருக்கும்" என்றார். ரசீதில் வெறுமனே 'கிட் கட்டணம்' என்று எழுதியிருந்தது. திருப்பித் தருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் படித்துப் பார்த்தேன், ஆனாலும் கேட்கவில்லை. பணத்தை அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபேயில் அனுப்பச் சொன்னார். அப்போதும் நான் கேள்வி கேட்கவில்லை.

அப்புறம் வேலை. கிரேப் பேப்பரில் பூ செய்வது பார்க்கச் சுலபமாகத் தெரியும். காகிதத்தில் மெல்லிய சுருக்கக் கோடுகள் ஓடும். இதழ் வெட்டும்போது அந்தக் கோடு கீழிருந்து மேலாக இருக்க வேண்டும். குறுக்காக வெட்டிவிட்டால் இதழ் வளையாது. வெட்டிய இதழை இரண்டு கட்டை விரலாலும் நடுவில் மெதுவாக இழுத்தால் கிண்ணம் மாதிரி குழியும். ஓரத்தைப் பென்சிலில் சுற்றி எடுத்தால் சுருளும். கம்பியின் நுனியில் மொட்டைக் கட்டி, இதழ்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, கடைசியில் பச்சை டேப்பால் காம்பை மூட வேண்டும். ஒரு பூவுக்குப் பதினைந்திலிருந்து இருபது இதழ் போகும்.

முதல் நாள் எனக்கு எட்டுப் பூதான் வந்தது. கை பழகிய பிறகு ஒரு பூவுக்குப் பன்னிரண்டு நிமிடம். கணக்குப் போட்டால் 200 பூவுக்கு 40 மணி நேரம். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அதைப் பதினாறு நாளில் முடித்தேன்.

அந்தப் பதினாறு நாளும் காகிதத்தோடு சண்டைதான். இழுத்தால் இதழ் குழியும், ஐந்து நிமிடத்தில் தட்டையாகிவிடும். கொஞ்சம் கூட இழுத்தால் கிழிந்துவிடும். விரல் வியர்த்தாலே சிவப்புச் சாயம் ஒட்டிக்கொண்டது. கடல் பக்கத்து ஊர், நம் வீடுகளில் வியர்க்காத நேரம் எது? பச்சை டேப் சுத்தமாக ஒட்டவே இல்லை. பூ வேலைக்கான டேப்பில் மெழுகு கலந்திருக்கும், இழுத்துக்கொண்டே சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். இவர்கள் கொடுத்தது பச்சைக் காகிதத்தை நாடாவாக வெட்டிய துண்டு. அதனால் ஃபெவிகால் தடவினோம். ஃபெவிகால் ஈரத்தில் மெல்லிய இதழ் கசங்கி, சாயம் இறங்கி, அங்கங்கே திட்டு விழுந்தது. மகரந்தத்துக்குக் கொடுத்த மஞ்சள் நூலும் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. என் தையல் பெட்டியில் இருந்த மாம்பழ மஞ்சள் நூலைத்தான் மீதிப் பூக்களுக்குக் கட்டினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஏழு பேரும் சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோவில் அட்டைப்பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அவர் ஒவ்வொரு பூவாக எடுத்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். என் 200-ல் 31 தேறியது. மீதி 169-க்கும் 'பசைக் கறை', 'இதழ் விறைப்பு இல்லை', 'சாயத் திட்டு' என்று எழுதினார். 31 பூவுக்கு 372 ரூபாய். அதில் வீணான காகிதத்துக்கு 300 பிடித்துக்கொண்டு 72 ரூபாய் கொடுத்தார். கீழ் வீட்டு அக்காவுக்கு 40-கூட வரவில்லை. "இன்னாப்பா இது, நீ குடுத்த பேப்பர்லதானே செஞ்சோம்?" என்று அவர் கேட்டதற்கு, "சாம்பிளும் இதே பேப்பர்தான் மேடம், கைப்பழக்கம் வரணும், 1,500 கட்டினால் ரெண்டு நாள் டிரெயினிங் தருவோம்" என்று பதில் வந்தது. எங்களில் இரண்டு பேர் அதையும் கட்டினார்கள். கழித்த பூக்களையாவது கொடுங்கள் என்றோம். கம்பெனி சாமான், தர முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து எங்கள் கையைத்தான் நாங்கள் குறை சொல்லிக்கொண்டோம். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அதற்காகத்தான். பத்தொன்பது வருடமாகத் தைக்கிற கை இது.

ஒரு வாரம் கழித்து லைனிங் துணி வாங்க பாரிமுனை போனபோது, பையில் இருந்த ஒரு கிட் காகிதத்தை ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடைப் பெரியவரிடம் காட்டினேன். கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் பேர் போன தெரு அது. விரலில் தேய்த்துப் பார்த்தவர், "இது ஸ்கூல் பிள்ளைங்க தோரணம் கட்டுற பேப்பர்மா, இதுல எப்படி ரோஜா நிக்கும்?" என்றார். நான் போனில் எடுத்து வைத்திருந்த சாம்பிள் படத்தைப் பார்த்ததும், அது இத்தாலி கிரேப் என்றார். 50 சென்டிமீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளச் சுருளாக, 180 கிராம் என்று குறித்து வருவது. ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். இழுத்தேன். இரண்டு மடங்குக்கு மேல் நீண்டது, குழித்த இடம் குழித்தபடியே நின்றது. கடை வாசலிலேயே ஓர் இதழ் செய்தேன். சாம்பிளில் பார்த்த அதே இதழ்.

ஆக, தேறவே முடியாத காகிதத்தைக் கொடுத்துவிட்டுத் தேறவில்லை என்று கழித்திருக்கிறார்கள்.

இதோடு முடியவில்லை. எதிர் வீட்டுத் தங்கச்சி கேட்டரிங்கில் பரிமாறப் போகிறவள். ஆவணியில் ஒரு ரிசப்ஷனில் இருந்து எனக்குப் படம் அனுப்பினாள். வட்ட மேசை, கண்ணாடிக் கிண்ணம், சிவப்புப் பேப்பர் ரோஜா. பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் மாம்பழ மஞ்சள் நூல், நான் போடும் இரட்டை முடிச்சோடு. கழித்த பூக்கள்தான் அத்தனை மேசையிலும் இருந்தன. குளிர்ந்த தண்ணீர் பாட்டில்கள் வியர்த்து, வெள்ளை மேசைத் துணியில் சிவப்புச் சாயம் இறங்கியிருந்ததாம். பெண் வீட்டார் அலங்காரக்காரரோடு சத்தம் போட்டார்களாம். அவர்களும் நல்ல பூவுக்குத்தானே பணம் கொடுத்திருப்பார்கள்?

நாங்கள் மறுபடி போனபோது அலுவலகம் பூட்டியிருந்தது. போன் எடுக்கவில்லை. ஏழு பேருக்கும் சேர்த்து 34,500 ரூபாய். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.

நாங்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜிபேயில் பணம் போய் ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் ஒரு மாதம் விட்டுவிட்டோம். நுகர்வோர் உதவி எண் 1915. "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கம் என்று கணக்கில் எடுக்கக் கூடாது என 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், அதற்கு எண் 15100. நாங்கள் இந்த வழியில்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறோம்.

வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படியும் மனம் கேட்கவில்லையென்றால், கிட்டில் இருந்து ஒரு தாள் எடுத்து அவர் கண் முன்னால் இழுத்துப் பாருங்கள், ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். அந்தக் காகிதத்தில் அவரையே ஒரு பூ செய்து காட்டச் சொல்லுங்கள். கழித்த பூவைத் திருப்பித் தருவோம் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களிடம் இருந்தவர் இதில் ஒன்றைக்கூடச் செய்திருக்க மாட்டார்.

போஸ்டரைப் படம் எடுத்து, புது நம்பரோடு காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டேன். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் யாராவது ஏற்கெனவே பணம் கட்டி, பூவும் செய்து வைத்திருந்தால், தயவுசெய்து அதை அங்கே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கிட்டில் மிச்சமிருக்கும் காகிதத்தையும் ரசீதையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். எங்கள் புகாரோடு உங்களுடையதும் சேர வேண்டும்.