ஒரே மூலம், சிறிய திரை: ஸ்ஃபிங்ஸ் உதவி ஆவணங்களுடன் ஏழு ஆண்டுகள்

சரக்கு இருப்பையும் விலைப்பட்டியலையும் பராமரிக்கும் ஒரு கணினி மென்பொருளுக்குத் தமிழில் உதவி ஆவணம் எழுதுவது என் வேலை. 2018ஆம் ஆண்டில், அதுவரை வேர்டு கோப்பாக ஒன்றும் சிஎச்எம் (விண்டோஸின் பழைய உதவிக்கோப்பு வடிவம்) கோப்பாக ஒன்றும் என்று தனித்தனியே வளர்ந்துவந்த கையேடுகளை ஒன்றாக்கி ஸ்ஃபிங்ஸுக்கு மாற்றினோம். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக உருவாகி 2008இல் வெளிவந்த இக்கருவி, எளிய உரைக்கோப்புகளை எடுத்துக்கொண்டு அவற்றிலிருந்தே இணையப் பக்கம், மின்னூல், பிடிஎஃப் ஆகிய வடிவங்களை உருவாக்கித் தரும். பிடிஎஃப் வேண்டுமென்றால் லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாகச் செல்ல வேண்டும். தமிழுக்கு அதன் இயந்திரத்தை ஸீலேடெக் என்று மாற்றி, தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட வேண்டும். ஏழு ஆண்டுகள் அன்றாடம் பயன்படுத்திய பிறகு, அச்சுக்கும் கணினிக்கும் எழுதிய அதே மூலத்தைக் கைபேசியில் படிக்கத் தக்கதாக மாற்றிய அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரே மூலத்தின் அருமையை எங்களுக்கு உணர்த்தியது, ஜிஎஸ்டி வரிக்காக விலைப்பட்டியலை அரசின் இணையதளத்தில் பதிவு செய்யும் மின் விலைப்பட்டியல்தான். 2020 அக்டோபரில் ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு என்று தொடங்கிய அந்தக் கட்டாயம், 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஆண்டு ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று படிப்படியாக இறங்கியது. எங்கள் கையேட்டில் இந்த வரம்பு பதினொரு பக்கங்களில் வருகிறது. அதை ஒரு மாறியாக, அதாவது ஓரிடத்தில் மதிப்பைக் கொடுத்தால் எல்லா இடங்களிலும் நிரப்பிக்கொள்ளும் பெயராக, வைத்திருந்ததால், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் எல்லா வடிவங்களும் சரியாகிவிடும். தமிழில் இதற்கு ஒரு கவனம் தேவை: வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வருவதால், 'ரூபாய்' என்பதையும் மாறிக்குள் வைத்தால் ஓரிடத்தில் 'ரூபாய்க்கு' என்றும் வேறிடத்தில் 'ரூபாயை' என்றும் எழுத முடியாது. மாறிக்குள் எண்ணை மட்டும் வைத்து, உருபேற்கும் சொல்லை வெளியே நிறுத்தினோம். பொத்தான்களின் பெயர்களுக்கும் இதே வழிதான். 'சேமி என்னும் பொத்தானை' என்று எழுதினால் பொத்தானின் பெயர் திரையில் இருப்பதுபோலவே குலையாமல் நிற்கும்.

கைபேசியைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் எங்களுக்குக் கவலையே இருக்கவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த தோற்ற வார்ப்பு திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. பக்கவாட்டு உள்ளடக்கப் பட்டியல் மூன்று கோட்டுக் குறிக்குள் மடங்கிவிடும். எழுத்தும் படிக்கும் அளவில் இருக்கும். வேலை முடிந்தது என்று நினைத்தோம். 2019இல் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கிடங்குக்குப் பயிற்சி அளிக்கச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. அங்கே கணக்கு எழுதும் பெண், கணினியில் எங்கள் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, கைபேசியைக் கால்குலேட்டரின்மேல் சாய்த்து நிறுத்தி, அதில் உதவிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கணினித் திரை முழுவதையும் மென்பொருளே அடைத்துக்கொள்வதால், உதவியைப் பார்க்க அவருக்கு வேறு இடம் இல்லை. "சார், படத்தப் பெரிசாக்குனா எங்க இருக்கோம்னு தெரியல, சின்னதாக்குனா எழுத்தே தெரியல" என்றார்.

அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் திரைப்பிடிப்புகள் 1366 பிக்சல் அகலமானவை. அவருடைய கைபேசியின் அகலம் 360 பிக்சல். இருபுற ஓரங்கள் போக மிஞ்சுவது 328. படம் கால் பங்குக்கும் கீழே சுருங்குகிறது. அதில் 14 பிக்சல் உயரமாக இருந்த எழுத்து மூன்றரைப் பிக்சலுக்கும் குறைந்துபோகிறது. வார்ப்பு தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது. படத்தைத் திரைக்குள் அடக்கியது. அந்தப் படம் அங்கே இருப்பதற்கே காரணம் இல்லை என்பதுதான் சிக்கல். முழுத் திரையும் அந்தப் பெண்ணின் கண்ணெதிரே கணினியில் இருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது எந்தப் பொத்தான், எந்தக் கட்டம் என்பது மட்டுமே.

இந்த இடத்தில் நாங்கள் ஒரு தவறான முடிவெடுத்தோம். அதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், பலரும் முதலில் எடுக்கக்கூடிய முடிவு அது என்று நான் நம்புவதே. ஸ்ஃபிங்ஸில் 'ஒன்லி' என்றொரு கட்டளை உண்டு. ஒரு குறிச்சொல்லைக் கொடுத்து, அந்தக் குறிச்சொல்லுடன் உருவாக்கும்போது மட்டும் இந்தப் பத்தி இடம்பெறட்டும் என்று சொல்லலாம். கைபேசிக்கென்று ஒரு குறிச்சொல் வைத்து, நீண்ட பத்திகளுக்கு அருகிலேயே சுருக்கமான கைபேசிப் பத்திகளையும் எழுதினோம். இணையப் பக்கங்களை இரண்டு முறை உருவாக்கி, இரண்டு முகவரிகளில் வைத்து, வருபவரின் கருவியைப் பார்த்துத் திருப்பிவிட்டோம். மூன்று ஆண்டுகள் இப்படி ஓடியது. கிடங்கில் இருப்பவர் கைபேசி முகவரியை வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்புவார். முதலாளி அதைக் கணினியில் திறப்பார். அகலமான திரையில் சுருக்கப்பட்ட பக்கம் வரும், அவர் தேடும் விளக்கம் அதில் இருக்காது. இதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். 2022 அக்டோபரில் வரம்பு 10 கோடியானபோது, மாறியைத் திருத்தினோம், எல்லாப் பக்கங்களும் மாறின என்று எண்ணினோம். ஆனால் கைபேசிப் பத்தி ஒன்றில், எழுதும் அவசரத்தில் மாறியைப் போடாமல் 20 கோடி என்று எண்ணையே தட்டியிருந்தோம். ஒரு வாடிக்கையாளர் அழைத்துக் கேட்கும்வரை, ஏறத்தாழ ஐந்து வாரங்கள், கைபேசியில் படித்த அனைவருக்கும் பழைய வரம்பையே சொல்லிக்கொண்டிருந்தோம். வரி தொடர்பான ஒரு செய்தியில் நேர்ந்த இந்தப் பிழை இன்றும் என்னை உறுத்துகிறது. ஒரே கோப்புக்குள் இருந்தாலும், ஒரே செய்தியை இரண்டு முறை எழுதினால் அது இரண்டு மூலம்தான்.

அந்தக் கைபேசிப் பத்திகளை முழுவதும் நீக்கிவிட்டு, மூலத்தையே சிறிய திரைக்கும் பொருந்தும்படி திருத்தி எழுதத் தொடங்கினோம். இதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அதிக உழைப்பைக் கேட்டவை அட்டவணைகள். எங்கள் வார்ப்பில் அட்டவணைக் கட்டங்களுக்குள் எழுத்து மடங்காது; ஒரு நீண்ட வாக்கியம் ஒரே வரியாக ஓட, வாசகர் விரலால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒற்றை வரித் திருத்தத்தில் அது சரியாகிவிட்டது. ஆனால் மடங்கத் தொடங்கியதும், மூன்று நெடுவரிசைகளில் தமிழ்ச் சொற்கள் வரிக்கொன்றாக அடுக்கி நின்றன. 'கொள்முதல்விலைப்பட்டியல்களிலிருந்து' போன்ற ஒரு சொல்லே ஒரு கட்டத்தின் அகலத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு வரிசையையும் ஒரு சீட்டாக உடைத்துக் காட்டும் உத்தியையும் முயன்றோம். பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் ஒருவருக்கு எந்த மதிப்பு எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்ற உறவு அறுந்துபோனதால் அதைக் கைவிட்டோம்.

பிறகு ஒவ்வொரு அட்டவணையையும் எடுத்து, இது உண்மையிலேயே அட்டவணைதானா என்று கேட்டோம். பெரும்பாலானவை இல்லை. 'கட்டத்தின் பெயர், அதன் பொருள்' என்ற இரண்டு நெடுவரிசை அமைப்பு ஓர் அகராதிப் பட்டியல். அதை அப்படியே பெயரும் அதன்கீழ் விளக்கமுமாக எழுதினால் 320 பிக்சலிலும் படிக்கலாம், அச்சிலும் நன்றாக இருக்கும். 'படி, செயல், விளைவு' என்ற மூன்று நெடுவரிசை என்பது எண்ணிட்ட படிகள்தான். 320 என்ற எண்ணை நானாகச் சொல்லவில்லை. 2018 ஜூனில் வெளிவந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டி 2.1, அந்த அகலத்தில் பக்கவாட்டு இழுப்பு இல்லாமல் உள்ளடக்கம் மடங்கி நிற்க வேண்டும் என்கிறது. இரு திசைகளிலும் பரந்தால்தான் பொருள்படும் தரவு அட்டவணை போன்றவற்றுக்கு விலக்கும் அளிக்கிறது. எது அட்டவணை, எது அட்டவணை வேடமிட்ட பட்டியல் என்று பிரிக்க அந்த விலக்கே எங்களுக்கு அளவுகோலாயிற்று.

படங்களில் முழுத்திரைப் பிடிப்புகளை எடுத்துவிட்டு, பேசப்படும் பகுதியை மட்டும் வெட்டி வைத்தோம். பல இடங்களில் பொத்தானின் பெயரே போதுமென்று படத்தையே நீக்கினோம். சொற்களிலும் வேலை இருந்தது. 'வலப்பக்கம் உள்ள படத்தில் காண்க' என்ற வாக்கியம் கைபேசியில் பொய்யாகிவிடுகிறது, ஏனெனில் வலப்பக்கம் இருந்தது கீழே போய்விட்டது. படங்களுக்கு எண் கொடுத்து, எண்ணால் சுட்டினோம். 'சொடுக்கவும்', 'தட்டவும்' என்ற இரண்டுக்கும் பொதுவாகத் 'தேர்ந்தெடுக்கவும்' என்பதை வைத்தோம். கைபேசித் திரை நடுவில் அணைந்து மீண்டும் திறக்கும்போது படித்த இடம் தெரிய வேண்டும் என்பதற்காக, படிகளின் எண்களைப் பெரிதாக்கி, ஒரு பக்கத்தில் ஒரு வேலை என்று பிரித்தோம். பக்கங்களின் எண்ணிக்கை கூடியது; ஆனால் அச்சுக் கையேட்டைப் பயன்படுத்துவோரும் இந்த மாற்றத்துக்குப் பிறகு தேடுவது எளிதாயிற்று என்று சொன்னார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளித்தது தேடல். கணினியில் படிப்பவர் உள்ளடக்கப் பட்டியலைப் பார்த்துப் போவார். கைபேசியில் அது மடங்கிக் கிடப்பதால் நேராகத் தேடல் பெட்டிக்குத்தான் வருவார். 'விலைப்பட்டியல்' என்று தேடினால் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் வந்து நின்றன. காரணத்தைத் தேடிப் போனபோது, சொற்களைப் பிரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துத் தொடர்களை அடையாளம் காணும் விதி) வந்து நின்றோம். பைத்தானின் நிலையான ரெகுலர் எக்ஸ்பிரஷன் தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. அதனால் 'விலைப்பட்டியல்' என்ற சொல் 'வ', 'ல', 'ப', 'பட', 'ட', 'யல' என்று ஆறு துண்டுகளாகிவிடுகிறது. 'வ' இல்லாத தமிழ்ப் பக்கம் எது? ஸ்ஃபிங்ஸில் தேடல் மொழியை நாமே வரையறுத்துச் சேர்க்க முடியும். அதில் உயிர்க்குறிகளையும் சேர்த்துப் பிரிக்கும் விதியை எழுதினோம். தேடலுக்கான சொற்பட்டியலைத் தொகுப்பது பைத்தான், தேடுவது உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட்; இரண்டிலும் ஒரே விதி இருந்தாக வேண்டும். நான் முதலில் ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு, எதுவுமே கிடைக்காமல் ஒரு நாளைச் செலவிட்டேன். 'விலைப்பட்டியலை', 'விலைப்பட்டியலில்' என்று உருபேற்ற வடிவங்களை எல்லாம் ஒன்றாகக் காட்டும் வசதி இன்னும் எங்களிடம் இல்லை. அதற்காகத் தலைப்புகளில் உருபேற்காத சொல்லை வைக்கும் வழக்கத்தைப் பின்பற்றுகிறோம்.

தீராமல் நிற்பது சரக்குப் பேரேட்டின் ஒன்பது நெடுவரிசை அட்டவணை. தொடக்க இருப்பு, வரவு, செலவு, மதிப்பு என்று ஒவ்வொன்றும் அடுத்ததோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டியவை. அதை எப்படி உடைத்தாலும் பொருள் குலைகிறது. முதல் நெடுவரிசையை நகராமல் நிறுத்தி, மற்றவற்றைப் பக்கவாட்டில் இழுக்கும்படி வைத்திருக்கிறோம். பிடிஎஃப்பில் அந்தப் பக்கம் மட்டும் கிடைமட்டமாக வரும். அட்டவணைக்கு மேலே, குறுகிய திரையில் மட்டும் தெரியும்படி, 'கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்க்கவும்' என்று ஒரு வரி இருக்கிறது. இன்று எங்கள் மூலம் முழுவதிலும் கைபேசிக்கென்று தனியாக எழுதப்பட்டிருப்பது அந்த ஒரு வரிதான்.