"ஒரே வருடத்தில் அமெரிக்க டிகிரி": க்ளெப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

"முப்பது தேர்வு, பன்னிரண்டு மாதம், கையில் பி.ஏ. பட்டம்." ஹோட்டலில் ஹால் பிடித்துக் கூட்டம் போட்டும், வாட்ஸ்அப் குழுக்களில் வீடியோ விட்டும் அமெரிக்காவில் விற்கப்படும் பேக்கேஜ்களைப் பற்றிய எச்சரிக்கை இது. விசாவில் வந்து இறங்கி, பாதியில் விட்ட படிப்பை முடிக்க நினைக்கும் நம்மவர்கள் இதில் வரிசையாக மாட்டுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வகுப்புக்குப் போகாமல் தேர்வு எழுதி கிரெடிட் (பட்டத்துக்காகச் சேர்க்க வேண்டிய பாட அலகு) வாங்குவது மோசடி இல்லை. காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் க்ளெப் (CLEP) தேர்வு 1967 முதல் இருக்கிறது. இப்போது 34 பாடங்கள். ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். கட்டணம் நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு, தேர்வு மையத்தின் கட்டணம் தனி. பிராமெட்ரிக் நடத்தும் டிஎஸ்எஸ்டி தேர்வும் இதே வகைதான். இந்தக் கிரெடிட்டுகளைத் தாராளமாக ஏற்பதற்கென்றே பெயர் வாங்கிய, முறையான அங்கீகாரம் உள்ள மூன்று கல்வி நிலையங்கள் உண்டு: நியூ ஜெர்சியின் தாமஸ் எடிசன், நியூயார்க்கின் எக்செல்சியர், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக். மூன்றும் 1970-களின் தொடக்கத்தில், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்காகத் தொடங்கப்பட்டவை.

இவ்வளவையும் பேக்கேஜ் விற்கும் கன்சல்டன்ட் சொல்வார். அத்தனையும் உண்மை என்பதால்தான் அவரை நம்பத் தோன்றுகிறது. அவர் சொல்லாமல் விடுவதில்தான் பணம் போகிறது.

ஒரு பேக்கேஜ் எப்படிக் கவிழ்ந்தது என்று பாருங்கள். வாங்கியவர், ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வந்த பெண். ஹெச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை, அதில் சிக்கல் எதுவும் இல்லை. விலை 4,200 டாலர், மாதத் தவணை. கிடைத்தவை: எந்த நூலகத்திலும் இரவல் கிடைக்கக்கூடிய கைடுகளின் பிடிஎஃப், மாதம் ஒரு முறை "மென்ட்டர்" போன், எழுத வேண்டிய தேர்வுகளின் பட்டியல் ஒன்று. தேர்வுக் கட்டணம் இதில் சேராது என்பது ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. அவர் கெட்டிக்காரர், பதினான்கு தேர்வில் தேறினார். கணக்குப்படி 50 கிரெடிட்டுக்கு மேல். பிறகுதான் காலேஜில் விண்ணப்பித்தார். பட்டத்துக்கு உதவும் இடத்தில் போய் உட்கார்ந்தது அதில் பாதிக்குச் சற்று மேல்தான்.

மீதி எங்கே போனது? இளங்கலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது 120 செங்கலைக் கொட்டிக் குவிப்பது இல்லை. எழுத்து, கணிதம், அறிவியல், சமூக அறிவியல், முதன்மைப் பாடம், விருப்பப் பாடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. விருப்பப் பாடத்துக்கான இடம் நிரம்பிவிட்டால், அதற்கு மேல் எத்தனை தேறினாலும் ட்ரான்ஸ்கிரிப்டில் (காலேஜ் தரும் மதிப்பெண் பட்டியலில்) அலங்காரமாக நிற்கும், பட்டத்துக்கு உதவாது. அந்தப் பட்டியலில் கணிதத்துக்கு மட்டும் மூன்று தேர்வு போட்டிருந்தார்கள்: காலேஜ் மேத்தமேடிக்ஸ், காலேஜ் அல்ஜீப்ரா, ப்ரீகால்குலஸ். கலைப் பட்டத்துக்கு ஒன்று போதும். சோஷியல் சயின்சஸ் அண்ட் ஹிஸ்டரி என்ற பொதுத் தேர்வை எழுதியவர் அமெரிக்க வரலாற்றைத் தனியாகவும் எழுதினால், ஒரே பாடம் இரண்டு முறை என்று சொல்லி ஒன்றைக் கழிக்கிற காலேஜ்கள் உண்டு. நேச்சுரல் சயின்சஸும் பயாலஜியும் அப்படியே. கட்டுரை எழுதும் பகுதியோடு வருவது காலேஜ் காம்போசிஷன். அந்தப் பகுதி இல்லாமல் வருவது அதன் மாடுலர் வடிவம். மாடுலரை ஏற்காத காலேஜ்கள் ஏராளம். "இது ஈசி" என்று அதைத்தான் பட்டியலில் வைத்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் அப்பர் லெவல். முதல் இரண்டு வருடத்துப் பாடம் லோயர் லெவல், கடைசி இரண்டு வருடத்துப் பாடம் அப்பர் லெவல். க்ளெப் கிட்டத்தட்ட முழுக்க லோயர் லெவல்தான். பல காலேஜ்கள் பட்டத்துக்குள் 30 கிரெடிட்டாவது அப்பர் லெவலாக இருக்க வேண்டும் என்று கேட்கும். டிஎஸ்எஸ்டியில் மணி அண்ட் பேங்கிங் போன்ற சில தேர்வுகளுக்கு அப்பர் லெவல் பரிந்துரை உண்டு. அதைத் தாண்டினால் கட்டணம் கட்டி வகுப்பு எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். "முப்பது தேர்வு, பன்னிரண்டு மாதம்" என்ற கணக்கு முதல் 60 கிரெடிட் வரை வேகமாக ஓடி, அங்கே சுவரில் முட்டி நிற்பது இதனால்தான். போதாததற்கு கேப்ஸ்டோன் என்ற கடைசிப் பாடத்தைப் பட்டம் தரும் காலேஜிலேயே படித்தாக வேண்டும். சேர்க்கைக் கட்டணம், பட்டம் வழங்கும் கட்டணம், அங்கே குறைந்தது இத்தனை கிரெடிட் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை என்று இன்னும் வரும். விளம்பரத்துத் தொகையில் இவை எதுவும் இருக்காது.

அடுத்து, "ஏஸ் அங்கீகாரம் பெற்றது" என்ற வார்த்தை. ஏஸ் எனப்படும் அமெரிக்கக் கல்வி மன்றம் பரிந்துரைதான் செய்கிறது. இந்தத் தேர்வில் இந்த மதிப்பெண் வாங்கியவருக்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. தருவதா வேண்டாமா என்பது காலேஜின் முடிவு. க்ளெப்பில் ஏஸ் சொல்லும் தேர்ச்சி மதிப்பெண் 50. பாதிக் கேள்விக்குச் சரியாக விடை எழுதினால் 50 என்று இதற்கு அர்த்தம் இல்லை. 20-க்கும் 80-க்கும் இடையே மாற்றிக் கணக்கிடும் மதிப்பெண் அது. அதற்கு மேல் கேட்கும் காலேஜ்களும் உண்டு. மொழித் தேர்வுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்: ஸ்பானிஷில் 50 வாங்கினால் 6 கிரெடிட், 63 வாங்கினால் 9 என்று பரிந்துரை. தோற்றால் அதே பாடத்தை மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். பன்னிரண்டு மாதக் கால அட்டவணையில் இரண்டு தோல்விக்குக் கூட இடமில்லை.

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு தகவல்: க்ளெப்பில் தமிழ் இல்லை. ஆனால் ஆக்ட்ஃபுல் என்ற மொழி கற்பித்தல் அமைப்பின் வாய்மொழித் திறன் தேர்வைத் தமிழில் எடுக்கலாம். சேர நினைக்கும் காலேஜ் அதற்குக் கிரெடிட் தருமா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். எந்த பேக்கேஜிலும் இதைச் சொல்ல மாட்டார்கள், அதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை.

ஊர்ச் சான்றிதழ் விஷயத்திலும் கை வைப்பார்கள். இந்திய டிப்ளமோவுக்கோ பாதி முடித்த பட்டத்துக்கோ கிரெடிட் வேண்டுமானால் நேசஸ் (வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கம்) உறுப்பினரான ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும். "இது இளங்கலைக்குச் சமம், இது டிப்ளமோவுக்குச் சமம்" என்று மட்டும் சொல்லும் பொது மதிப்பீடு விலை குறைவு, கிரெடிட்டுக்கு உதவாது. கன்சல்டன்ட் தன் செலவைக் குறைக்க அந்த மலிவானதை வாங்கித் தந்ததால், மறுபடி பணம் கட்டி, பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடி மதிப்பெண் பட்டியல் வரவழைத்தவர்கள் இருக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்கிறோம் என்று காலேஜ்கள் தங்கள் தளத்தில் பெயரோடு போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

இன்னொரு தந்திரம், க்ளெப் கணக்கை அவர்களே திறந்து கொடுப்பது. அவர்களுடைய மின்னஞ்சலில் பதிவு செய்தால் மதிப்பெண் அறிக்கையும் அவர்கள் கையில். தவணை பாக்கி இருந்தால் கடவுச்சொல் கிடைக்காது. கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அடையாள அட்டையில் உள்ள அதே பெயரில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருந்து பதிவில் வெறும் இனிஷியல் இருந்தால், மைய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். நம்மவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. தேர்வு எழுதும்போதே ஒரு காலேஜுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம், பிறகு அனுப்பினால் கட்டணம். காலேஜ் போர்டு மதிப்பெண்ணை 20 ஆண்டுகள் வைத்திருக்கும், ஆகையால் "சீக்கிரம் சேராவிட்டால் மதிப்பெண் செல்லாமல் போய்விடும்" என்ற அவசரப்படுத்தலுக்குப் பணிய வேண்டாம்.

வயிற்றெரிச்சல் தரும் விஷயம் ஒன்று உண்டு. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு க்ளெப் பாடங்களை இலவசமாகச் சொல்லித் தருகிறது. பாடத்தை முடித்துக் கேட்டால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் இலவசம். 4,200 டாலர் பேக்கேஜின் "பிரீமியம்" வடிவத்தில் "கட்டணமும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, உங்கள் பெயரில் இந்த வவுச்சரை வாங்கித் தந்து காசு பார்க்கிறார்கள்.

க்ளெப் கிரெடிட் யாருக்கு உதவாது என்பதையும் விற்பவர் சொல்வதில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு இது வழியே இல்லை. அதற்கு முழுநேர வகுப்பில் பதிவு வேண்டும், தேர்வு எழுதுவதற்கு யாரும் ஐ-20 (அந்த விசாவுக்குக் காலேஜ் தரும் படிவம்) தர மாட்டார்கள். தேர்வுக் கிரெடிட்டுக்கு கிரேடு கிடையாது, ஆகவே ஜிபிஏ எனப்படும் சராசரி மதிப்பெண்ணில் சேராது. முதுகலைக்குப் போக நினைப்பவர் இதை யோசிக்க வேண்டும். மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் அறிவியல் பாடங்களை க்ளெப்பில் முடிக்கவே கூடாது, பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. ஊருக்குத் திரும்பி அரசு வேலையோ மேற்படிப்போ பார்க்க நினைப்பவர், வகுப்பில் உட்காராமல் வாங்கிய வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் சமநிலைச் சான்று கிடைப்பது கடினம் என்பதை முதலிலேயே கணக்கில் வைக்கட்டும். உரிமம் வேண்டிய தொழில்களில் மாநில வாரியத்தின் சொல்தான் கடைசி. எக்செல்சியரின் நர்சிங் படிப்புக்கு முறையான அங்கீகாரம் இருந்தது. இருந்தும் 2003 டிசம்பருக்குப் பின் அதில் சேர்ந்தவர்களுக்கு கலிஃபோர்னியா உரிமம் தர மறுத்தது.

தேர்வே வேண்டாம், "அனுபவத்துக்கே டிகிரி" என்று சொன்னால் அது நேரடியாகப் போலி. 2004-ல் டெக்சாஸில் ட்ரினிட்டி சதர்ன் என்ற "பல்கலைக்கழகம்" கோல்பி நோலன் என்ற பூனைக்கு எம்பிஏ கொடுத்தது. இளங்கலைக்கு 299 டாலர் கட்டி விண்ணப்பித்தபோது, அனுபவம் நன்றாக இருக்கிறது, இன்னும் நூறு டாலர் கட்டினால் எம்பிஏ-வே தரலாம் என்றார்கள். பென்சில்வேனியா அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். பூனை அவருடைய அலுவலகத்துத் துணை அதிகாரி ஒருவருடையது. முகவரி .எடு என்று முடிகிறதே என்றும் ஏமாற வேண்டாம். 2001-க்கு முன் அதை வாங்கிய சில அங்கீகாரமற்ற நிலையங்கள் இன்னும் வைத்திருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற நிலையங்களைப் பட்டியலிடும் அமெரிக்கக் கல்வித் துறையின் டேப்பிப் (DAPIP) தரவுத்தளத்திலும் சியா (CHEA) அமைப்பின் தளத்திலும் பெயரைத் தேடுங்கள். அங்கீகாரம் தந்ததாகச் சொல்லும் அமைப்பின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், ஏனென்றால் அங்கீகார அமைப்பையே போலியாக உருவாக்குகிறவர்கள் உண்டு.

செய்ய வேண்டிய வரிசை தலைகீழானது. முதலில் பட்டம் தரும் காலேஜ், பிறகு அந்தப் பட்டத்தின் பாடத்திட்டப் பக்கம், பிறகு கையில் இருக்கும் கிரெடிட்டுக்கு எழுத்தில் ஒரு மதிப்பீடு, அதில் காலியாகத் தெரியும் இடங்களுக்கு மட்டும் தேர்வு. ஒவ்வொரு தேர்வுக்கும் "இது எந்த இடத்தில் போய்ச் சேரும், லோயரா அப்பரா" என்று காலேஜின் ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. பாடத்திட்டம் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், எந்த ஆண்டின் திட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் தேதியைப் பாருங்கள். ஹோட்டல் ஹால் போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலருக்கு மேலோ, உங்கள் வீட்டுக்கே வந்து 25 டாலருக்கு மேலோ விற்றிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யும் உரிமை அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் (எஃப்டிசி) விதியில் இருக்கிறது. சனிக்கிழமையும் வேலை நாள்தான். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க இணையத்திலோ போனிலோ வாங்கியிருந்தால் இந்த விதி உதவாது. கிரெடிட் கார்டில் கட்டி, சொன்ன பொருள் வரவில்லை என்றால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். அதோடு விளம்பர வீடியோ, ஒப்பந்தம், காலேஜ் கிரெடிட்டை மறுத்த கடிதம் மூன்றையும் இணையுங்கள். தவணைக்கு வேறொரு நிதி நிறுவனம் கடன் கொடுத்திருந்தால் சும்மா கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள், கிரெடிட் ஸ்கோர் அடிபடும். தகராறு இருக்கிறது என்று அந்த நிறுவனத்துக்கும் எழுதி, நகலை உங்கள் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கு அனுப்புங்கள்.