தள்ளி வைத்த நகரும் சராசரி: ஏழாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு பங்கின் கடைசிச் சில நாள்களின் இறுதி விலைகளைச் சராசரியாக்கி, நாள்தோறும் புதுப்பித்து வரையும் கோடுதான் நகரும் சராசரி. தினசரி வரைபடத்தில் ஒரு நாள் வர்த்தகத்தைக் காட்டுவது ஒரு பட்டை. சாதாரண நகரும் சராசரிக் கோடு இன்றைய பட்டையோடு நின்றுவிடும். அதையே மூன்று பட்டைகள் வலப்பக்கம் தள்ளி வைத்தால், வர்த்தகம் இன்னும் நடந்திராத அடுத்த மூன்று நாள்களுக்கான வெற்றிடத்திலும் கோடு நீண்டு நிற்கும். இந்தத் தள்ளி வைத்த சராசரியை 2018 முதல் சிங்கப்பூர்ப் பங்குகளின் தினசரி வரைபடங்களில், பெரும்பாலும் மூன்று உள்ளூர் வங்கிகளின் பங்குகளில், பயன்படுத்தி வருகிறேன். நான் தொழில்முறை நிரலாளன் அல்லன். ஆனாலும் இந்தச் சூத்திரத்தை நான்கு மென்பொருள்களில் எழுதிப் பார்த்துவிட்டேன். எழுத வேண்டியது ஒரே வரிதான் என்றாலும், அந்த ஒரு வரியிலேயே இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன்.

இம்முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் வர்த்தகர் ஜோ டினாபோலி. 3 நாள் சராசரியை 3 நாளும், 7 நாள் சராசரியை 5 நாளும், 25 நாள் சராசரியை 5 நாளும் முன்னே தள்ளுவது அவருடைய வழக்கம். இன்னொரு வர்த்தகரான பில் வில்லியம்ஸின் 'அலிகேட்டர்' குறியீடும் இதே குடும்பந்தான். அதில் இறுதி விலைக்குப் பதிலாக அன்றைய உச்ச விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் நடுவிலுள்ள விலையை எடுத்துக்கொண்டு, 13, 8, 5 பட்டைச் சராசரிகளை முறையே 8, 5, 3 பட்டைகள் தள்ளுகிறார்கள்.

கணக்கு எப்படி வருகிறது என்பதை ஒரு கற்பனைப் பங்கை வைத்துச் சொல்கிறேன். ஆறு நாள்களின் இறுதி விலைகள் 2.40, 2.43, 2.46, 2.44, 2.47, 2.50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று கொள்வோம். ஆறாம் நாளின் சாதாரண 3 நாள் சராசரி 2.47 வெள்ளி. மூன்று நாள் தள்ளிய கோடோ அன்று முதல் மூன்று நாள்களின் சராசரியான 2.43இல் இருக்கும். ஏழாம் நாளுக்குரிய மதிப்பு 2.443, எட்டாம் நாளுக்குரியது 2.457, ஒன்பதாம் நாளுக்குரியது 2.47, இவை மூன்றும் ஆறாம் நாள் மாலையிலேயே முடிவாகிவிடுகின்றன. இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். சந்தை முடிந்தபின் யீஷூன் வீட்டில் உட்கார்ந்து மறுநாளைய எல்லை விலையைக் குறித்து, விலை எச்சரிக்கையை அமைத்துவிட்டால், மறுநாள் அலுவலக நேரத்தில் கைப்பேசியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. தேக்காவில் தேநீர் குடிக்கும்போது உடன் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கோடு நாளைக்கே போய் நிக்குதே, நாளைய விலை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "விலை தெரியாது தம்பி, அதை எதோடு ஒப்பிடப் போறேன்னு மட்டும் தெரியும்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

முதல் வழுக்கல் கூட்டல் கழித்தல் குறியில் நேர்ந்தது. மெட்டாஸ்டாக், அமிபுரோக்கர் ஆகிய வரைபட மென்பொருள்களில் 'ரெஃப்' என்னும் செயற்கூறுதான் பட்டைகளைத் தள்ளுகிறது. அதில் மைனஸ் 3 என்றால் மூன்று பட்டைகளுக்கு முந்தைய மதிப்பு, பிளஸ் 3 என்றால் மூன்று பட்டைகளுக்குப் பிந்தைய மதிப்பு. கோட்டை முன்னே தள்ளுவதுதானே நோக்கம் என்று நான் பிளஸ் 3 கொடுத்தேன். விலை கோட்டுக்கு மேலே வந்தால் வாங்கு என்ற விதியோடு பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் விதியைச் சோதித்துப் பார்ப்பது) ஓட்டினால் நட்டத்துக்கு மேல் நட்டம். அத்தோடு விட்டிருக்கலாம், நானோ விதியைத் தலைகீழாக்கி மறுபடியும் ஓட்டினேன். இலாபக் கோடு மின்தூக்கி போல ஏறியது. இரண்டு நாள்கள் மிதப்பில் இருந்தேன். மூன்றாம் நாள்தான் வரைபடத்தின் வலது ஓரத்தைக் கவனித்தேன்: கோடு முன்னே நீள்வதற்குப் பதிலாகக் கடைசிப் பட்டைக்கு மூன்று பட்டைகள் முன்னதாகவே அறுந்து நின்றது. அடுத்த மூன்று நாள்களின் சராசரியை இன்றே எட்டிப் பார்த்துவிட்டு, அது இன்றைய விலையைவிட மேலே இருந்தால் வாங்கியிருக்கிறது என் விதி. இலாபம் வராமல் என்ன செய்யும்? கையேட்டில் தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காதது என் தவறு.

இரண்டாவது வழுக்கல் டிரேடிங்வியூ என்ற வரைபடத் தளத்தின் பைன் நிரல்மொழியில் நேர்ந்தது. அங்கே தள்ளுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கோடு வரையும் கட்டளையில் 'ஆஃப்செட்' 3 என்று கொடுத்தால் படம் மட்டுமே நகரும். மாறிக்குள் (நிரலில் சராசரியைச் சேமித்து வைக்கும் பெயருக்குள்) இருக்கும் எண் நகராது. மாறியை அடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் 3 என்று எழுதினால் மூன்று பட்டைகளுக்கு முந்தைய எண்ணே கணக்குக்கு வரும். ஆனால் கோடு கடைசிப் பட்டையைத் தாண்டி நீளாது. முதலில் ஆஃப்செட்டை மட்டும் வைத்துக்கொண்டு, விலை கோட்டை வெட்டும் இடத்துக்குக் குறி போட்டேன். கண்ணுக்குத் தெரிந்த வெட்டு ஓரிடத்தில், குறி விழுந்தது வேறிடத்தில். அதைத் திருத்தப் போய் இரண்டையும் ஒரே மாறிக்குக் கொடுத்ததில், கோடு ஆறு பட்டைகள் தள்ளிப்போய் உட்கார்ந்தது. இப்போது மூல மாறியை ஆஃப்செட்டோடு வரைகிறேன். ஒப்பீட்டுக்கு மட்டும் அடைப்புக்குறி வடிவத்தைப் பயன்படுத்துகிறேன். அமிபுரோக்கரிலும் கோட்டை வெற்றிடத்துக்கு நீட்ட, வரையும் கட்டளையில் தனி நகர்வு அளவு உண்டு. நான்காவது மென்பொருளான மெட்டாடிரேடரில் நகரும் சராசரியைச் சேர்க்கும்போதே 'ஷிஃப்ட்' என்ற கட்டம் இருப்பதால், பார்ப்பதற்கு மட்டும் என்றால் நிரலே எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது சிக்கல் சூத்திரத்தில் இல்லை, தரவில் இருந்தது; அங்கே விழாமல் தப்பித்தேன். 2024 ஏப்ரலில் டிபிஎஸ் வங்கியின் பங்கு, 10 பங்குகளுக்கு 1 என்ற கணக்கில் இலவசமாகத் தரும் ஊக்கப் பங்கு கழிந்த விலைக்கு மாறியது; அதாவது அன்று முதல் வாங்குபவருக்கு அந்த ஊக்கப் பங்கு கிடையாது. அப்போது பழைய விலைகளை 11இல் ஒரு பகுதி, அதாவது ஏறத்தாழ 9 விழுக்காடு, குறைத்து ஒப்பிட வேண்டும். நான் வைத்திருந்த தரவுக் கோப்பு அப்படிச் சரிசெய்யப்படாதது. சாதாரண 3 நாள் சராசரியில் இந்தக் கறை இரண்டு நாளில் கழிந்துவிடும். மூன்று நாள் தள்ளிய கோட்டிலோ ஐந்து வர்த்தக நாள்கள் தங்கும். திரையில் விற்பனைக் குறி பெரிதாக விழுந்திருந்தது. முந்தைய மாலையே அறிவிப்பைப் படித்திருந்ததால் கை வைக்கவில்லை.

பயன் என்ன என்று கேட்டால், விலை ஒரே திசையில் போகும்போது தள்ளி வைத்த கோடு விலையிலிருந்து சற்று விலகி நிற்பதால், சிறு சறுக்கல்களில் நான் பதறி விற்பது குறைந்தது. அதற்கு விலையும் உண்டு: போக்கு உண்மையிலேயே திரும்பும்போது இலாபத்தின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன். விலை மாதக்கணக்கில் ஒரே வரம்புக்குள் ஊசலாடும் காலத்தில் 3 நாள் கோடு வெறும் தொல்லை. அப்போது 25 நாள் கோட்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

தள்ளும் அளவு பட்டைகளின் எண்ணிக்கையே தவிர நேரமோ தேதியோ அன்று. நம் சந்தைக்கு நண்பகல் 12 முதல் 1 மணி வரை இடைவேளை இருப்பதால், ஒரு மணி நேர வரைபடத்தில் காலை 11 மணிப் பட்டையின் சராசரி மூன்று பட்டைகள் தள்ளிப் பிற்பகல் 3 மணிப் பட்டையில் போய் விழும். தினசரி வரைபடத்திலும் இதே கதைதான்: என் மென்பொருள் வெற்றிடப் பட்டைகளுக்குத் தேதி போடும்போது சனி, ஞாயிறைத் தவிர்க்கிறது, சீனப் புத்தாண்டு விடுமுறையைத் தவிர்ப்பதில்லை. ஆகவே அந்தத் தேதிகளை நான் பார்ப்பதில்லை, பட்டைகளை எண்ணிக்கொள்கிறேன்.