மூன்று தளம், மூன்று கடவுச்சொல்: ஜேர்மன் வகுப்பில் இரண்டு வருடம்

சாவகச்சேரியில் ஜேர்மன் வகுப்பு தொடங்கப்போகிற தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணை, நீங்கள் மூடில், ஆன்கி, குரல் பதியிற தளம் எல்லாத்தையும் சேர்த்துத்தானே படிப்பிக்கிறியள். நானும் அப்பிடியே செய்யட்டோ?" (மூடில் பாடங்களும் புள்ளிகளும் வைக்கிற இணைய வகுப்புத் தளம்; ஆன்கி சொற்களைப் பாடமாக்க உதவுகிற செயலி.) ஓமெண்டு சொல்லிவிட்டேன். அது அவசரத்தில் சொன்ன பதில்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் கலியாணம் முடிந்து ஜேர்மனிக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள். 2007இலிருந்து துணைவருக்கான விசாவுக்கு ஏ1 என்ற ஆரம்பநிலை ஜேர்மன் பரீட்சை கேட்கிறார்கள்; நூற்றுக்கு 60 எடுத்தால் பாஸ். அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் பெரிது.

சொற்களுக்கு ஆன்கி. பிழைவிட்ட சொல்லைத் திரும்பத் திரும்பக் காட்டும், தெரிந்ததை நாள் தள்ளிக் காட்டும். இன்ரநெற் இல்லாமலும் ஓடும். வேலணையிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் இருபது சொல் முடித்துவிடும். அண்ட்ரொயிட் போனில் இலவசம், ஐபோனுக்குத்தான் காசு.

மூடிலுக்குள் எச்5பி என்ற, திரையிலேயே செய்து பார்க்கிற பயிற்சிகள். இதில் எனக்குக் கிடைத்த சந்தோசத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 'இஷ் மொஷ்டெ டே ட்ரிங்கென்', எனக்குத் தேத்தண்ணி குடிக்க விருப்பம். சொற்களை இழுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், பாதிப் பேர் பள்ளிக்கூட இங்கிலீசு நினைப்பில் 'ட்ரிங்கென்' என்பதை 'டே'க்கு முன்னால் வைத்தார்கள். யார் எங்கே வைத்தார்கள் என்று வகுப்புக்கு முதலே திரையில் தெரிந்துவிட்டது. "இங்கிலீசை விடுங்கோ, 'தேத்தண்ணி குடிக்க' எண்டு நினையுங்கோ" என்றேன். டே, ட்ரிங்கென். அதே ஒழுங்கு! அடுத்த கிழமை ஒருவரும் பிழைவிடவில்லை.

சரி, இனிக் குரல் பதியும் தளம். பேச்சுப் பரீட்சையில் உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார்கள். எங்கள் ஆட்களின் பெயர்களோ பாஸ்போட்டில் ஒரு வரிக்கு நீளும். ஜே அங்கே யொட், வீ அங்கே ஃபௌ, வை அங்கே உப்சிலோன். இன்னும் மோசம், இங்கிலீசில் முதல் எழுத்து ஏ. ஜேர்மனில் ஏ என்றால் ஐந்தாம் எழுத்து. சொல்லிச் சொல்லிப் பழகாமல் வராது. ஒரு பிள்ளை இரவு பதினொரு மணிக்கு, வீட்டார் படுத்த பிறகு, தன் பெயரை ஒன்பது தரம் பதிந்து கடைசியில் திருத்தமாகச் சொல்லி அனுப்பப் போக, தளம் மறுபடி கடவுச்சொல் கேட்டது. கொடுத்து உள்ளே போனால் பதிவு இல்லை. அடுத்த நாள் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒருதரம் உள்ளே போனால் எல்லாம் திறக்கவும், புள்ளிகள் மூடிலுக்கே திரும்பி வரவும் எல்டிஐ என்ற பொது முறை இருக்கிறது. குரல் பதியும் தளம் அதைப் பெரிய கட்டணத்துக்குள் வைத்திருக்கிறது. இரண்டு வருடமாக ஞாயிறு இரவுகளில் குரல் புள்ளிகளை நான் கொப்பியில் பார்த்து மூடிலில் கையால் ஏற்றுகிறேன்.

தம்பி, போனில் சொன்ன ஓமைத் திருப்பி எடுக்கிறேன். இப்போதைக்கு ஆன்கியை மட்டும் எடும். குரலுக்கு வட்ஸ்அப் போதும். அந்தப் பிள்ளையின் பத்தாவது பதிவு அதில்தான் வந்தது, உப்சிலோனில்கூட நிற்காமல்.