நோம் பென் கெமர் ஹோம்ஸ்டே: ஆறு மாசம் தங்கிட்டு எழுதுறேன்

வேலைக்காக கம்போடியா தலைநகர் நோம் பென் வர்றவங்க இந்த ஊர் மொழியான கெமர் கத்துக்கணும்னு நெனச்சா, கிளாஸுக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க. கிளாஸ், ஹோம்ஸ்டே ரெண்டும் நான் பாத்துட்டேன். மொத ரெண்டு மாசம் சாயங்கால கிளாஸ், எல்லாமே இங்கிலீஷ் வழியா. அப்புறம் துவல் தம்பூங் மார்க்கெட் பக்கம் ஒரு குடும்பத்தோட வீட்டு மாடில ரூம், சாப்பாடு அவங்களோடவே.

கிளாஸ்ல ரைஸ்னா "பாய்"னு சொல்லிக்குடுத்தாங்க. அத நம்பி கடைல போய் ரெண்டு கிலோ பாய் கேட்டேன், கடைக்கார அக்காவுக்கு புரியவே இல்ல. வீட்டுப் பாட்டிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாது, கையப் புடிச்சு அடுப்படிக்கு கூட்டிட்டுப் போய் சட்டியத் தொறந்து காட்டி "பாய்"ன்னாங்க, டப்பால இருந்து ஒரு புடி அள்ளி "அங்கோ"ன்னாங்க, அப்புறம் காலண்டர்ல இருந்த வயல் படத்துல கை வச்சு "ஸ்ரௌ". சோறு, அரிசி, நெல்லு! நம்மகிட்ட மூணுக்கும் தனி வார்த்த இருக்கு, அவங்ககிட்டயும் இருக்கு, நடுவுல இங்கிலீஷ் வந்ததால தான் மூணும் ஒண்ணாப் போச்சு. அன்னிக்கே நோட்டுல இங்கிலீஷ் அர்த்தம் எழுதுறத விட்டுட்டு தமிழ்ல எழுத ஆரம்பிச்சேன்.

உறவுமுறையும் அப்படித்தான். வீட்டுல யாரும் யாரையும் நீ, நீங்கன்னு கூப்பிடுறதே இல்ல. நம்மளவிட பெரியவங்க பொங், சின்னவங்க ஊன், அப்பா அம்மாவவிட வயசுல சின்னவங்க ஆம்பளைன்னா பூ, பொம்பளைன்னா மீங், அப்பா அம்மாவவிட மூத்தவங்கன்னா ரெண்டு பேருக்கும் ஓம். சித்தப்பா பெரியப்பா கணக்கு தெரிஞ்ச நமக்கு இது ஒரே நாள்ல ஏறிடும். ஆமாங்கிறதுக்கு ஆம்பளைங்க "பாட்", பொம்பளைங்க "ச்சா" சொல்லணும், வீட்டுல எனக்கு கேட்டதெல்லாம் ச்சா தான், நானும் அதையே சொல்ல, பாட்டி பொறுமையா ஒவ்வொரு தடவையும் திருத்துனாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது சாப்பிடுறதுக்கு இருக்கிற வார்த்தைங்க. சாதாரணமா ஞாம், ஊர்ப்பக்கம் ஹோப், பெரியவங்கள மரியாதையா சாப்பிடச் சொன்னா பிஸா, நாய் பூனைக்கு ஸீ, ராஜாவுக்குன்னே தனியா ஒண்ணு. நம்ம மகாளய பட்சம் மாதிரியே இங்க முன்னோருக்கு 15 நாள் ப்சும் பென் வரும், அப்ப வீட்டுக்காரங்களோட விடியக்காலைல வாட்டுக்கு (புத்தர் கோயில்) போய் பிக்குகளுக்கு சோறு குடுத்தோம், அங்க தான் "சான்"ங்கிற வார்த்தைய மொத மொத கேட்டேன், பிக்கு சாப்பிட்டா அதத்தான் சொல்லணும். பாட்டி பக்கத்துல நின்னு மெதுவா சொல்லிக்குடுத்தது இன்னும் காதுல இருக்கு.

இப்ப குறைங்க. ஏற்பாடு பண்ண ஏஜென்ட் தினமும் ஒரு மணி நேரம் பாடம் உண்டுன்னு சொல்லி பணம் வாங்கினார், ஒரு நாள் கூட நடக்கல, கேட்டா பதிலும் இல்ல. குடும்பத்துக்கு அப்படி ஒரு பேச்சே தெரியாது. அடுத்து வீட்டுப் பசங்க, அவங்களுக்கு என்கூட இங்கிலீஷ் பேசிப் பழகணும், அதுல தப்பில்ல, ஆனா விட்டா நாள் பூரா இங்கிலீஷ் தான். ராத்திரி சாப்பாட்டுல கெமர் மட்டும்னு பேசி வச்சுக்கிட்டோம், அதுக்கப்புறம் தான் வேகம் புடிச்சுது.

உச்சரிப்புலயும் ஒண்ணு கவனிக்கணும். பாட்டி வடமேற்குல இருக்கிற பட்டம்பாங் பக்கம், படிக்கிறதுக்கு "ரியன்"னு சுத்தமா ர சொல்வாங்க. நோம் பென்ல பொறந்த பேரப்பசங்க அதையே "ஹியன்"ங்கிறாங்க, நூறுக்கு ரோய் போய் ஹோய் ஆயிடுது. பசங்க பேச்ச புரிஞ்சுக்கங்க, ஆனா பேசுறது பாட்டி மாதிரி பேசுங்க, எந்த ஊருக்குப் போனாலும் செல்லும்.

எழுத்து மட்டும் வீட்டுல இருந்தா வராது, அதுக்கு தனியா ஒரு க்ரூ வேணும் (குரு தான்). பல்லவ எழுத்துல இருந்து வந்தது, தேதி போட்ட கெமர் கல்வெட்டுல பழசு தெக்க இருக்கிற அங்கோர் போரைங்கிற ஊர்ல கெடச்சது, வருஷம் கி.பி. 611. அதனால கொம்பு, கால் எல்லாம் பாத்த மாதிரியே இருக்கும், ஆனா 33 மெய்யெழுத்தும் ரெண்டு கூட்டமா பிரிஞ்சிருக்கு, ஒரே கால் ஒரு க-வுக்குப் பக்கத்துல "கா", இன்னொரு க-வுக்குப் பக்கத்துல "கியா". வார்த்தைக்கு நடுவுல இடமும் விட மாட்டாங்க. நான் வாரம் மூணு நாள் க்ரூகிட்ட போனேன், நாலு மாசத்துல கடை போர்டு படிக்க வந்துச்சு.

5க்கு 4 குடுப்பேன், ஏஜென்ட்டுக்காக ஒண்ணு கொறச்சுட்டேன். ஏஜென்ட் இல்லாம நேரா வீட்டுல பேசுங்க, ஏசி இருக்கான்னு கேக்குறதுக்கு முன்னாடி பாட்டியோ தாத்தாவோ பகல்ல வீட்டுல இருப்பாங்களான்னு கேளுங்க.